வில்ட் சேம்பர்லேன்

வில்ட்டன் நார்மன் சேம்பர்லேன் (ஆகஸ்ட் 21, 1936 – அக்டோபர் 12, 1999) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். வில்ட் சேம்பர்லேன் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். 7 அடி 1 அங்குலம் (216 செ.மீ.) உயரம் கொண்ட இவர், சென்டர் எனப்படும் நடு நிலையில் விளையாடினார். 1959 முதல் 1973 வரை தேசிய கூடைப்பந்துச் சங்கத்தில் (என்.பி.ஏ.) பிலடெல்பியா வாரியர்ஸ், சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ், பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் ஆகிய அணிகளுக்காக ஆடினார். வாரியர்ஸ் என்பது ஒரே அணிதான். 1962 இல் அது பிலடெல்பியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்தது.

ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர் என்பதே இவரைப் பற்றிப் பெரும்பாலோர் அறிந்த செய்தி. இவர் வாழ்ந்த காலத்தில் இவரைப் பற்றி அதிகம் பேசப்பட்டது வேறொன்று: இத்தனை புள்ளிகள் எடுப்பவரின் அணி ஏன் தோற்கிறது என்ற கேள்வி. 14 பருவங்களில் இவருடைய அணிகள் இருமுறை மட்டுமே வாகை சூடின. அதே காலத்தில் விளையாடிய பாஸ்டன் செல்ட்டிக்ஸ் அணியின் பில் ரசல் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடினார். இவ்விருவரையும் ஒப்பிடாமல் அக்காலக் கூடைப்பந்து வரலாற்றை எழுதுவது கடினம்.

இளமை

சேம்பர்லேன் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில், பல குழந்தைகள் கொண்ட ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வில்லியம் உடலுழைப்புத் தொழிலாளி. தாய் ஒலிவியா வீட்டுப் பணிகள் செய்தவர். சிறுவயதில் நிமோனியாக் காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால் இவருடைய பள்ளிப் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது.

தொடக்கத்தில் இவருக்குக் கூடைப்பந்தில் நாட்டம் இருக்கவில்லை. ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் போன்ற தடகள விளையாட்டுகளையே விரும்பினார். ஆனால் பிலடெல்பியாவில் அன்று கூடைப்பந்துதான் எல்லாத் தெருக்களிலும் ஆடப்பட்டது. அந்த உயரமுள்ள சிறுவனை யாரும் வேறு விளையாட்டுக்கு விட்டுவைக்கவில்லை. இவருடைய உயரத்தைக் கேலி செய்யும் வகையில் செய்தியாளர்கள் கொய்யாக்கால் என்ற பொருள்படும் 'ஸ்டில்ட்' என்ற பட்டப்பெயரைச் சூட்டினர். இப்பெயரை இவர் வாழ்நாள் முழுதும் வெறுத்தார். கதவு நிலைகளில் தலை இடிக்காமல் குனிந்து செல்வதைக் கண்டு நண்பர்கள் வைத்த 'டிப்பர்' என்ற பெயரே இவருக்குப் பிடித்தமானது. பின்னாளில் அது 'பிக் டிப்பர்' என்று வழங்கலாயிற்று. சப்தரிஷி மண்டலத்தில் உள்ள ஏழு விண்மீன்களுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்.

ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளிக்காக மூன்று ஆண்டுகளில் 2,252 புள்ளிகள் எடுத்தார். இவர் ஆடிய காலத்தில் அப்பள்ளி தோற்றது மூன்று ஆட்டங்களில் மட்டுமே. 1955 இல் ஓர் ஆட்டத்தில் தனியாக 90 புள்ளிகள் எடுத்தார். கோடை விடுமுறையில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள குட்ஷர்ஸ் விடுதியில் பெட்டி தூக்கும் பணியாளாக வேலை செய்தார். அவ்விடுதி அணிக்குப் பயிற்சியளித்தவர் பாஸ்டன் செல்ட்டிக்ஸ் அணியின் பயிற்சியாளர் ரெட் அவர்பாக். சேம்பர்லேனை நியூ இங்கிலாந்து பகுதியிலுள்ள கல்லூரி ஒன்றில் சேர்த்துவிட்டால் அப்பகுதிக்குரிய உரிமையின் பேரில் பின்னர் செல்ட்டிக்ஸ் அணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்பாக்கின் எண்ணம். அது நிறைவேறவில்லை. வாரியர்ஸ் உரிமையாளர் எடி காட்லீப், பள்ளியில் படித்த நகரத்தைக் காட்டியே சேம்பர்லேனுக்கான உரிமையைப் பெற்றுக்கொண்டார். அவர்பாக்கின் திட்டம் பலித்திருந்தால் ரசலும் சேம்பர்லேனும் ஒரே அணியில் ஆடியிருக்கக்கூடும்.

கன்சாஸ் பல்கலைக்கழகம்

நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அழைத்தபோதும் சேம்பர்லேன் 1955 இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். இவரை அழைத்துவந்த பயிற்சியாளர் ஃபாக் ஆலன், வயது வரம்பு காரணமாக இவருடைய முதல் முழுப் பருவத்திற்கு முன்பே ஓய்வு பெற நேர்ந்தது. டிக் ஹார்ப் பொறுப்பேற்றார். அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட இயலாது. ஆகவே 1956 டிசம்பரில்தான் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திற்கு எதிராகத் தமது முதல் ஆட்டத்தை ஆடினார். அதில் 52 புள்ளிகளும் 31 ரீபவுண்டுகளும் எடுத்தார். கூடையில் விழாமல் திரும்பிவரும் பந்தைக் கைப்பற்றுவதே ரீபவுண்ட் எனப்படுகிறது.

கன்சாசில் அப்போது நிறப் பாகுபாடு நடைமுறையில் இருந்தது. கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாறாத உணவகங்கள் பல்கலைக்கழகம் இருந்த லாரன்ஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருந்தன. அத்தகைய இடங்களுக்கு வேண்டுமென்றே சென்று, பரிமாறும்வரை எழாமல் அமர்ந்திருந்ததாகச் சேம்பர்லேன் பின்னர் எழுதியுள்ளார். நாடறிந்த ஆட்டக்காரரை வெளியேற்ற உரிமையாளர்கள் தயங்கினர். 1957 இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் நடந்த மண்டலப் போட்டியின்போது, கறுப்பின வீரர்களுக்கு நகருக்குள் விடுதி கிடைக்காததால் அணி முழுவதும் வெளியே தங்கியது. அங்கு பார்வையாளர்கள் இவரை இழிசொற்களால் ஏசினர், பொருட்களையும் வீசினர்.

அதே ஆண்டு மார்ச் 23 இல் கன்சாஸ் நகரில் தேசியக் கல்லூரிகளின் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணியான வட கரோலினா அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்றிருக்கவில்லை. அதன் பயிற்சியாளர் ஃபிராங்க் மெகுவயர், ஆட்டத் தொடக்கத்தில் பந்தை எழும்பித் தட்டுவதற்குச் சேம்பர்லேனுக்கு எதிராகத் தமது அணியின் மிகக் குள்ளமான வீரரான டாமி கெர்ன்சை அனுப்பினார். எழும்பும் போட்டியில் எப்படியும் வெல்ல முடியாது என்பதால், எதிராளியின் மனத்தைக் குலைப்பதே நோக்கம். ஆட்டம் மூன்றுமுறை கூடுதல் நேரத்திற்கு நீண்டது. மூன்று பேர் சூழ்ந்து தடுத்தபோதும் சேம்பர்லேன் 23 புள்ளிகள் எடுத்தார். ஆறு வினாடிகள் எஞ்சியிருந்தபோது ஜோ குவிக் இரண்டு தனி எறிகளையும் கூடைக்குள் செலுத்தி வட கரோலினாவை ஒரு புள்ளி முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பின்னர் சேம்பர்லேனை நோக்கி உயர எறியப்பட்ட பந்தையும் அவரே தட்டிவிட்டார். முடிவு 54–53. சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியைச் சேர்ந்த சேம்பர்லேனுக்கு வழங்கப்பட்டது. பெரிய ஆட்டங்களில் தோற்பவர் என்ற பெயர் இவர்மீது முதலில் ஒட்டியது இங்குதான். இத்தோல்வியைத் தம் வாழ்வின் மிகக் கசப்பான தோல்வியாக இவர் நெடுங்காலம் கருதினார்.

கல்லூரி ஆட்டத்தில் எதிரணிகள் பந்தை நீண்ட நேரம் தங்களிடமே வைத்துக்கொண்டு காலம் கடத்தின. சலிப்புற்ற சேம்பர்லேன் பட்டம் பெறாமலே 1958 இல் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். விலகியதற்கான காரணத்தை விளக்கும் கட்டுரையை லுக் இதழுக்கு 10,000 டாலருக்கு அளித்தார். உடன் சேர்ந்த மாணவர்கள் பட்டம் பெறும் ஆண்டு வரும்வரை என்.பி.ஏ.வில் ஆட அனுமதியில்லை. எனவே 1958–59 இல் ஹார்லம் குளோப்ட்ராட்டர்ஸ் என்னும் கேளிக்கை ஆட்டக் குழுவில் சேர்ந்து பல நாடுகளுக்குச் சென்றார். 1959 இல் அக்குழு சோவியத் ஒன்றியத்திலும் ஆடியது. வெற்றி தோல்வி பற்றி எவரும் கேள்வி கேட்காத அந்த ஓராண்டைத் தமது விளையாட்டு வாழ்வின் மகிழ்ச்சியான காலமாக அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

வாரியர்ஸ் அணியில்

1959 அக்டோபர் 24 இல் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிரான முதல் என்.பி.ஏ. ஆட்டத்தில் 43 புள்ளிகளும் 28 ரீபவுண்டுகளும் எடுத்தார். அப்பருவத்தில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 37.6 புள்ளிகளும் 27.0 ரீபவுண்டுகளும் பெற்றார். சிறந்த புதுமுக வீரர், மிக மதிப்புமிக்க வீரர் ஆகிய இரு விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்ற முதல் வீரர் இவரே. இத்தகைய தொடக்கத்திற்குப் பின், எதிரணியினர் தம்மை அளவுக்கு மீறி இடித்துத் தாக்குவதாகக் கூறி ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். பின்னர் மனம் மாறினார். உருவத்தில் எவரையும்விடப் பெரியவராக இருந்ததால் நடுவர்கள் இவர்மீதான தாக்குதல்களைப் பொருட்படுத்தவில்லை என்பது இவருடைய நீண்டநாள் குறை. இவர் திருப்பித் தாக்கியது அரிது. 1,045 பருவ ஆட்டங்களிலும் 160 வெளியேற்றச் சுற்று ஆட்டங்களிலும் ஒருமுறைகூட ஃபவுல் எண்ணிக்கை மிகுந்து வெளியேற்றப்பட்டதில்லை.

1960 நவம்பர் 24 இல் செல்ட்டிக்ஸ் அணிக்கு எதிராக 55 ரீபவுண்டுகள் எடுத்தார். எதிரே நின்றவர் ரசல். இச்சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. எனினும் அந்த ஆட்டத்திலும் வாரியர்ஸ் தோற்றது.

1961–62 பருவத்தில் பயிற்சியாளராக வந்தவர் கல்லூரி இறுதியாட்டத்தில் இவரை வீழ்த்திய அதே மெகுவயர். சேம்பர்லேனை ஓய்வின்றி ஆடவைத்து, பந்தை அவரிடமே கொடுப்பது அவருடைய திட்டம். அப்பருவத்தின் எண்கள் நம்புதற்கு அரியவை. 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள், சராசரி 50.4. ஓர் ஆட்டம் 48 நிமிடங்களே என்றபோதும், கூடுதல் நேரத்தையும் சேர்த்து இவர் ஆடிய சராசரி நேரம் 48.5 நிமிடங்கள். ஓர் ஆட்டத்தில் நடுவருடன் வாதிட்டு வெளியேற்றப்பட்டதால் தவறிய சில நிமிடங்கள் தவிர, பருவம் முழுவதும் ஆடுகளத்திலேயே இருந்தார். ஆயினும் வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அப்பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர் விருது ரசலுக்குச் சென்றது. உடன் ஆடியவர்கள் எண்களை எவ்வாறு எடைபோட்டனர் என்பதற்கு இது சான்று.

நூறு புள்ளி ஆட்டம்

1962 மார்ச் 2 இல், சாக்லேட் தொழிற்சாலைக்குப் பெயர்பெற்ற பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் வாரியர்ஸ், நிக்ஸ் அணியை எதிர்கொண்டது. வெளியூர் ரசிகர்களை ஈர்ப்பதற்காக வாரியர்ஸ் சில உள்ளூர் ஆட்டங்களை அங்கு நடத்திவந்தது. பருவ முடிவில் நடந்த, முக்கியத்துவம் அற்ற ஆட்டம் அது. பார்வையாளர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. நிக்ஸ் அணியின் முதன்மை நடு நிலை ஆட்டக்காரர் ஃபில் ஜோர்டன் அன்று ஆடாததால் டாரல் இம்ஹாஃப் சேம்பர்லேனைத் தடுக்கவேண்டி வந்தது.

நான்கு கால்பகுதிகளில் சேம்பர்லேன் எடுத்த புள்ளிகள் முறையே 23, 18, 28, 31. இறுதிக் கால்பகுதியில் ஆட்டம் விந்தையான வடிவம் கொண்டது. நூறு புள்ளிகளுக்கு இடமளிக்க விரும்பாத நிக்ஸ் வீரர்கள், சேம்பர்லேனிடம் பந்து போகாதிருக்க மற்ற வாரியர்ஸ் வீரர்கள்மீது வேண்டுமென்றே ஃபவுல் செய்தனர். பந்தை விரைவில் திரும்பப் பெற வாரியர்ஸ் வீரர்களும் அவ்வாறே செய்தனர். வெற்றி எப்போதோ உறுதியாகிவிட்ட ஆட்டத்தில் இரு அணிகளும் ஓர் எண்ணுக்காகவே போராடின. 46 வினாடிகள் எஞ்சியிருந்தபோது நூறாவது புள்ளி வந்தது. முடிவு 169–147. கை ரோட்ஜர்ஸ் 20 முறை பந்தை எடுத்துக்கொடுத்துப் புள்ளிக்கு உதவினார். அல் ஆட்டில்ஸ் 17 புள்ளிகள் எடுத்தார். அன்று கூடையை நோக்கி எறிந்த ஒன்றையும் ஆட்டில்ஸ் தவறவிடவில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

ஆட்டத்தின்பின், அணியின் விளம்பர அலுவலர் ஹார்வி பொலாக் ஒரு தாளில் 100 என்று எழுதிக் கொடுக்க, அதைப் பிடித்தபடி சேம்பர்லேன் அமர்ந்திருக்கும் ஒளிப்படமே அந்நிகழ்வின் அடையாளமாயிற்று. ஆட்டத்தின் அசைபடம் எதுவும் கிடைக்கவில்லை. இறுதிக் கால்பகுதியின் வானொலி வர்ணனைப் பதிவு மட்டும் எஞ்சியுள்ளது. 2006 இல் கோபி பிரையன்ட் 81 புள்ளிகள் எடுத்தபோது இச்சாதனை மீண்டும் உலகெங்கும் பேசப்பட்டது.

தனி எறிகள்

எதிரணி ஃபவுல் செய்யும்போது, யாரும் தடுக்காத நிலையில் கோட்டிற்குப் பின்னிருந்து எறிய வழங்கப்படும் வாய்ப்பே தனி எறி ஆகும். இதில் சேம்பர்லேன் மிகவும் பின்தங்கியிருந்தார். வாழ்நாள் கணக்கில் இவருடைய வெற்றி விகிதம் 51.1 விழுக்காடு மட்டுமே. எறிந்ததில் ஏறத்தாழப் பாதி வீண். நூறு புள்ளி ஆட்டத்தில் மட்டும் 32 எறிகளில் 28 ஐக் கூடைக்குள் செலுத்தினார். அப்பருவத்தில் இவர் இரு கைகளாலும் பந்தை இடுப்பளவிலிருந்து மேலே வீசும் முறையைக் கையாண்டார். அந்த ஆண்டு விகிதம் 61.3 ஆக உயர்ந்தது. ஆனால் இம்முறை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுவதாகக் கருதி அதைக் கைவிட்டார். அதுவே சிறந்த முறை என்பது தமக்குத் தெரிந்திருந்தும் பிறர் முன் வெட்கப்பட்டு விட்டுவிட்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். அதே முறையில் எறிந்த ரிக் பாரி, வரலாற்றின் மிகச் சிறந்த தனி எறியாளர்களுள் ஒருவராக விளங்கினார்.

இக்குறை அணிக்கு விலையாக முடிந்தது. நெருக்கடியான இறுதி நிமிடங்களில் பந்தை இவரிடம் கொடுக்கப் பயிற்சியாளர்கள் தயங்கினர். கொடுத்தால் எதிரணி உடனே ஃபவுல் செய்யும் என்ற அச்சமே காரணம்.

செல்ட்டிக்ஸ் அணியிடம் தோல்விகள்

1960 முதல் 1969 வரை வெளியேற்றச் சுற்றுகளிலும் இறுதிச் சுற்றிலுமாகச் சேம்பர்லேனின் அணிகள் ரசலின் அணியை எட்டுமுறை எதிர்கொண்டன. வென்றது ஒரே ஒருமுறை. இத்தோல்விகளில் பல மிக நெருக்கமானவை. 1962 இல் ஏழாவது ஆட்டத்தின் இறுதி வினாடிகளில் சாம் ஜோன்ஸ் எடுத்த புள்ளிகளால் வாரியர்ஸ் 109–107 எனத் தோற்றது. 1964 இல் அலெக்ஸ் ஹானம் பயிற்சியில் இறுதிச் சுற்றை எட்டியபோதும் 4–1 எனத் தோல்வி.

1965 ஜனவரியில் வாரியர்ஸ் நிர்வாகம் மூன்று வீரர்களையும் 1.5 லட்சம் டாலரையும் பெற்றுக்கொண்டு இவரைப் பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் அணிக்கு மாற்றியது. அந்த ஆண்டே செல்ட்டிக்ஸ் அணியுடன் ஏழாவது ஆட்டம். ஐந்து வினாடிகள் எஞ்சியிருக்கையில் சேம்பர்லேன் பந்தைக் கூடையில் திணித்து இடைவெளியை ஒரே புள்ளியாக்கினார். ரசல் எல்லைக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து கூடைப் பலகையைத் தாங்கும் கம்பியில் பட்டதால் பந்து சிக்சர்ஸ் வசமாயிற்று. பயிற்சியாளர் டால்ஃப் ஷேய்ஸ் பந்தைச் சேம்பர்லேனிடம் அனுப்பவில்லை. தனி எறி பற்றிய அச்சமே காரணம் என்று கூறப்படுகிறது. ஹால் கிரியர், செட் வாக்கரை நோக்கி எறிந்தார். இடையில் புகுந்த ஜான் ஹாவ்லிசெக் பந்தைத் தட்டிப் பறித்தார். 110–109. அன்று சேம்பர்லேன் 30 புள்ளிகளும் 32 ரீபவுண்டுகளும் எடுத்திருந்தார்.

ரசலின் அணியில் திறமையான வீரர்கள் அதிகம் இருந்தனர் என்பதும், பயிற்சியாளர் அவர்பாக் நெடுங்காலம் மாறாமல் இருந்தார் என்பதும் சேம்பர்லேன் தரப்பு வாதங்கள். இரண்டிலும் உண்மை உண்டு. சேம்பர்லேன் தம் வாழ்நாளில் பல பயிற்சியாளர்களிடம் ஆடினார். அவர்களில் சிலருடன் இணக்கமாக இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆடுகளத்திற்கு வெளியே இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். நன்றி நவிலும் நாளில் பிலடெல்பியாவில் ஆட்டம் இருந்தால் ரசல் சேம்பர்லேன் வீட்டில் உணவருந்தி, மாலையில் அவருக்கு எதிராகவே ஆடுவது வழக்கம்.

1967 வாகை

1966–67 பருவத்தில் சிக்சர்ஸ் அணிக்குப் பொறுப்பேற்ற ஹானம், குறைவாக எறிந்து அதிகமாகப் பந்தைப் பகிருமாறு சேம்பர்லேனை இணங்கவைத்தார். புள்ளிச் சராசரி 24.1 ஆகக் குறைந்தது, உதவிகள் 7.8 ஆக உயர்ந்தன. கிரியர், வாக்கர், பில்லி கன்னிங்ஹாம், லூக் ஜாக்சன் ஆகியோர் கொண்ட அவ்வணி 81 ஆட்டங்களில் 68 இல் வென்றது. கிழக்குப் பிரிவு இறுதியில், தொடர்ந்து எட்டு ஆண்டுகள் வாகை சூடியிருந்த செல்ட்டிக்ஸ் அணியை 4–1 என வீழ்த்தியது. ஐந்தாவது ஆட்டம் 140–116. அதில் சேம்பர்லேன் 29 புள்ளிகள், 36 ரீபவுண்டுகள், 13 உதவிகள் பெற்றார். இறுதிச் சுற்றில் தமது பழைய அணியான வாரியர்சை 4–2 என வென்று முதன்முறையாக வாகை சூடினார். அடுத்த பருவத்தில் மொத்தம் 702 உதவிகளுடன் இதில் முதலிடம் பெற்றார். நடு நிலை ஆட்டக்காரர் ஒருவர் மொத்த உதவிகளில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை.

1968 ஏப்ரல் 4 இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள் செல்ட்டிக்ஸ் அணியுடனான தொடர் தொடங்கவிருந்தது. இரு அணிகளின் கறுப்பின வீரர்களும் ஆடும் மனநிலையில் இல்லை. எனினும் ஆட்டம் நடத்தப்பட்டது. 3–1 என முன்னிலை பெற்றிருந்த சிக்சர்ஸ், தொடர்ந்து மூன்று ஆட்டங்களை இழந்தது. ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் சேம்பர்லேன் கூடையை நோக்கி எறிந்தது இரண்டே முறை. பந்து தமக்கு வரவில்லை என்றார் இவர். கேட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்றனர் விமர்சகர்கள். அதிகம் எறிந்தபோது தன்னலம் மிக்கவர் என்றும், எறியாதபோது பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் என்றும் குறை கூறப்பட்டார்.

1969 இறுதியாட்டம்

1968 இல் இவர் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அதற்கு ஈடாகச் சென்ற மூவரில் ஒருவர் நூறு புள்ளி ஆட்டத்தில் இவரைத் தடுக்க முயன்ற இம்ஹாஃப். ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர், சேம்பர்லேன் மூவரும் ஒரே அணியில் இருந்ததால் லேக்கர்ஸ் வெல்லும் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். பயிற்சியாளர் புட்ச் வான் பிரேடா கோல்ஃப் சேம்பர்லேனுடன் தொடக்கத்திலிருந்தே முரண்பட்டார்.

1969 மே 5 இல் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலசில் நடந்தது. வெற்றி விழாவுக்காக அரங்கின் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களை அணி உரிமையாளர் ஜாக் கென்ட் குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இறுதிக் கால்பகுதியில் லேக்கர்ஸ் பின்தங்கியிருந்தபோது, ஆறு நிமிடங்களுக்கும் குறைவாக எஞ்சிய நிலையில் சேம்பர்லேன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். மாற்றாக வந்த மெல் கவுண்ட்ஸ் நன்றாகவே ஆட, இடைவெளி ஒரு புள்ளியாகச் சுருங்கியது. சேம்பர்லேன் மீண்டும் ஆட விரும்பினார். பயிற்சியாளர் மறுத்துவிட்டார். லேக்கர்ஸ் 108–106 எனத் தோற்றது. பலூன்கள் கூரையிலேயே இருந்தன.

வான் பிரேடா கோல்ஃப் பதவி விலகினார். ரசலும் அத்துடன் ஓய்வு பெற்றார். சில வாரங்களில் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் பேசிய ரசல், அத்தகைய ஆட்டத்திலிருந்து முழங்கால் வலிக்காக வெளியேறியிருக்கக்கூடாது என்ற பொருளில் சேம்பர்லேனைக் குறைகூறினார். இது செய்தித்தாள்களில் வெளியாயிற்று. ஆண்டுக்கணக்கில் தம் வீட்டு மேசையில் உணவருந்திய நண்பரிடமிருந்து வந்த அச்சொல்லைச் சேம்பர்லேனால் ஏற்க இயலவில்லை. இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாகையும் ஓய்வும்

1969 நவம்பரில் இவருடைய முழங்கால் தசைநாண் அறுந்தது. அப்பருவம் முழுவதும் ஆட இயலாது என மருத்துவர்கள் கருதினர். பருவ முடிவிலேயே திரும்பி வந்து 1970 இறுதிச் சுற்றில் ஆடினார். நிக்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 45 புள்ளிகள் எடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் காயத்துடன் களமிறங்கிய வில்லிஸ் ரீட் நிக்ஸ் அணிக்கு எழுச்சியூட்ட, லேக்கர்ஸ் மீண்டும் தோற்றது.

1971 இல் பொறுப்பேற்ற பில் ஷார்மன், முன்னாள் செல்ட்டிக்ஸ் வீரர். ரசலைப் போலத் தடுப்பாட்டத்திலும் ரீபவுண்டிலும் கவனம் செலுத்துமாறு சேம்பர்லேனிடம் அவர் கேட்டுக்கொள்ள, 35 வயதான சேம்பர்லேன் இசைந்தார். 1971–72 இல் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. இத்தொடர் வெற்றிச் சாதனை இன்றும் நிலைத்துள்ளது. மொத்தம் 69 வெற்றிகள். நிக்ஸ் அணியுடனான இறுதிச் சுற்றில் கை எலும்பு முறிந்த நிலையிலும் ஐந்தாவது ஆட்டத்தில் 24 புள்ளிகளும் 29 ரீபவுண்டுகளும் எடுத்து இரண்டாம் முறை வாகை சூடினார். இறுதிச் சுற்றின் மிக மதிப்புமிக்க வீரராகவும் தேர்வானார்.

1973 இல் போட்டி அமைப்பான அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் சான் டியேகோ அணி இவரை வீரரும் பயிற்சியாளருமாக ஒப்பந்தம் செய்தது. லேக்கர்ஸ் தொடுத்த வழக்கினால் ஆட இயலாமல் ஒரு பருவம் பயிற்சியாளராக மட்டும் இருந்தார். அப்பணியில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

என்.பி.ஏ.வில் இவருடைய மொத்தப் புள்ளிகள் 31,419, சராசரி 30.1. இம்மொத்தத்தை 1984 இல் கரீம் அப்துல்-ஜபார் கடந்தார். 23,924 ரீபவுண்டுகள் என்ற மொத்தத்தை எவரும் எட்டவில்லை.

பிற்கால வாழ்க்கை

ஓய்வுக்குப்பின் கைப்பந்தாட்டத்தில் ஈடுபட்டு, பன்னாட்டுக் கைப்பந்துச் சங்கம் என்ற தொழில்முறை அமைப்பில் ஆடியதுடன் அதன் தலைவராகவும் இருந்தார். பெண்களுக்கான தடகளக் குழு ஒன்றுக்குப் பொருளுதவி அளித்தார். 1984 இல் வெளியான கோனன் த டெஸ்ட்ராயர் திரைப்படத்தில் நடித்தார். 1968 இல் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனை ஆதரித்தமைக்காகக் கறுப்பினத்தவர் பலரின் கண்டனத்துக்கு ஆளானார்.

1991 இல் வெளியிட்ட நூலில், இருபதாயிரம் பெண்களுடன் உறவு கொண்டதாக எழுதியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதே ஆண்டு நவம்பரில் மேஜிக் ஜான்சன் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிவித்தார். டென்னிசு வீரர் ஆர்தர் ஆஷ் உட்படப் பலர் சேம்பர்லேனைக் கடிந்தனர். அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதன்று என்றே பலரும் கருதுகின்றனர். நூறு என்ற எண்ணுக்கு அடுத்து இவர் பெயருடன் ஒட்டிக்கொண்ட எண் இது. முன்னது பிறர் எழுதிக் கொடுத்தது, பின்னது இவரே எழுதிக்கொண்டது. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1957 தோல்வியின் நினைவால் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் செல்வதைப் பல ஆண்டுகள் தவிர்த்துவந்தார். அங்குள்ளோர் தம்மை அத்தோல்விக்காகக் குறைகூறுவர் என எண்ணியிருந்தார். 1998 ஜனவரியில் இவருடைய 13 ஆம் எண் சட்டைக்கு ஓய்வளிக்கும் விழாவுக்குக் கல்லூரிக் கால மேற்சட்டையை அணிந்து சென்றபோது, அரங்கம் நெடுநேரம் கரவொலி எழுப்பியது. தமக்கு வெகுமுன்பே மன்னிப்புக் கிடைத்திருந்ததை உணர்ந்தவராக அன்று உணர்ச்சிவயப்பட்டுப் பேசினார்.

ரசலுடனான பிணக்கும் 1990களில் முடிவுற்றது. ரசல் தாம் கூறியதற்காக வருத்தம் தெரிவித்தார். 1999 அக்டோபர் 12 இல் சேம்பர்லேன் லாஸ் ஏஞ்சலசில் பெல் ஏர் பகுதியிலுள்ள தமது வீட்டில் இதயச் செயலிழப்பால் 63 ஆவது வயதில் காலமானார். நினைவுக் கூட்டத்தில் பேசியவர்களில் ரசலும் ஒருவர். 2014 இல் அமெரிக்க அஞ்சல்துறை இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2022 முதல் என்.பி.ஏ.வின் சிறந்த புதுமுக வீரருக்கான கோப்பை இவர் பெயரால் வழங்கப்படுகிறது.